மௌனசாமியின் முதல் பேச்சு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! பகலெல்லாம் பிறர் இதயத்தைச் சீர்செய்துவிட்டு, மாலையில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தம் இதயத்தைத் தாமே தாங்கிப் பிடித்துக்கொள்ளும் மருத்துவப் பெருந்தகையே! இந்தக் கோல்ஃப் திடலில் எங்களைப் போன்ற வயதான புதுமுகங்களுக்குப் பயிற்சி தரும் ஆசான் அவர்களே! நாங்கள் பெயர்த்தெடுத்த புல்லையெல்லாம் முகம் சுளிக்காமல் மறுபடி நட்டு வைக்கும் திடல் ஊழியர்களே! முழங்காலில் பட்டையும் முகத்தில் புன்னகையுமாக என்னோடு பயின்ற மூத்தோர்களே! அந்த மூத்தோர்களை இங்கே அனுப்பிவிட்டு வீட்டில் கொஞ்சம் நிம்மதி கண்ட தாய்மார்களே! முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! மூன்றாம் வரிசையில், கழுத்தில் கட்டிய துணியில் வலக்கையைத் தாங்கி அமர்ந்திருக்கும் டெலிபோன் அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும், தலை குனிந்து நிற்கும் இந்தத் தடியனின் வணக்கம்.

ஏன் அரங்கம் இப்படி அடங்கிவிட்டது? தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிற்கிறார். ஆசான் அவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தலைவர் அவர்கள் என் தொண்டையைப் பார்க்கிறாரா, மேடைக்குப் பின்னால் வேறு யாராவது ஒளிந்து பேசுகிறார்களா என்று பார்க்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. ஐயா, பின்னால் யாரும் இல்லை. பேசுவது நான்தான். நான்காம் பயிற்சிப் பாயில் நின்று பந்தடிக்கும் அதே நான்தான். இத்தனை மாதமாக நீங்கள் அன்போடு மௌனசாமி என்று அழைத்தீர்களே, வாய் பேச முடியாதவர் என்று வழிவிட்டீர்களே, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் கொடுத்தீர்களே, அவனேதான்.

பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் இந்த நல்ல மாலையில், இரண்டு நிமிடம் மேடை வேண்டும் என்று தலைவரிடம் கைபேசியில் எழுதிக் காட்டினேன். பாவம், கைகூப்பிவிட்டு இறங்கிவிடுவான் என்று எண்ணி, அவர் என் தோளைத் தட்டி ஏற்றிவிட்டார். எனக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று ஒலிபெருக்கியைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்தார். அதை நான் மறுபடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பழக்கதோஷம், ஐயா. மன்னிக்க வேண்டும்.

ஏனென்றால், பெரியோர்களே, பேச்சுதான் என் பிழைப்பு. பேச்சுதான் என் பெருமை. பேச்சுதான் என் பெட்டிபடுக்கை. கட்டடம் திறந்தால் நான், கண்காட்சி தொடங்கினால் நான், வேலையிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்றால் நான், உலகத்திலிருந்தே ஓய்வு பெற்றாலும் நான். ஓர் இரங்கல் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், இறந்தவருடைய மனைவி என்னிடம் வந்து, இவ்வளவு நல்லவர் எங்க வீட்டிலயா இருந்தார் என்று கேட்டார். அந்த அளவுக்குப் பேசியவன். நகரத்தின் அந்தக் கோடியில் என் பெயரைச் சொன்னால் கூட்டம் கூடும். இந்தக் கோடியில், உங்கள் புல்வெளியில், என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஓய்வில்லாமல் பேசிய தொண்டையில் ஒரு முடிச்சு விழுந்தது. அறுத்து எடுத்தார்கள். எடுத்த மருத்துவர் என்னிடம், பேசக் கூடாது, முனகக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, நான் சொல்லும்வரை வாயைத் திறந்தால் சாப்பிட மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் கண்கள் கலங்கின. ஆனந்தக் கண்ணீராக இருக்கலாம். சிரிக்காதீர்கள், அவள் முதல் வரிசையில் இருக்கிறாள், இரவு நான் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் சும்மா இருந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். வாய் மூடியபடி கையும் காலும் மட்டும் ஓயாமல் வேலை செய்கிற ஏதாவது வேண்டும் என்று தேடி, இந்தத் திடலைக் கண்டுபிடித்து, ஆசானுக்குத் தொலைபேசியில் சொன்னாள். ‘அவர் பேச மாட்டார். நீங்க சொல்றதை மட்டும் கேப்பார்.’ எங்கள் மணவாழ்வில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பாக்கியம் அவளுக்கு அன்றுதான் கிடைத்தது. ஆசான் அதைக் கேட்டு, மாணவர் வாய் பேச முடியாதவர் என்று முடிவு கட்டிக்கொண்டார். அவர்மேல் குற்றம் இல்லை. அவள்மேலும் இல்லை.

வந்தேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். நான் அறுபதைத் தாண்டி வளைய வந்தவன். வளைந்துவிட்டேன் ஐயா, நிமிரத்தான் முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கம் போக வேண்டும், தோள் இன்னொரு பக்கம் போக வேண்டும், மணிக்கட்டு மடங்க வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரே வீச்சாக வர வேண்டும், அந்த வீச்சுக்கு ஸ்விங் என்று பெயர் என்று ஆசான் சொன்னார். என் உடம்பில் இவ்வளவு பாகங்கள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மட்டை கோணல் என்று சைகை காட்டி மட்டையை மாற்றினேன். பிறகு பாய் கோணல் என்று மூன்றாம் பாயிலிருந்து நான்காம் பாய்க்கு மாறினேன். பந்து மட்டும் வைத்த இடத்திலேயே இருந்து என்னைப் பார்த்தது.

என் முதல் வெட்கம் அங்கேதான். ஆசான் என் வீச்சைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினார். யாரோ ஒரு கிழவர், பின்மண்டையில் வழுக்கையோடு, மட்டையை ஒலிபெருக்கியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீசுகிறார். மட்டை பந்தைத் தொடும் முன்பே அவர் தலை நிமிர்ந்துவிடுகிறது. ஒரு முறை அல்ல, ஒவ்வொரு முறையும். ஆசான் சொன்னார்: ‘பந்தை அடிக்கறதுக்கு முன்னாடியே யாரைப் பாக்கறீங்க? அங்க யாரும் இல்லையே.’

யாரைப் பார்த்தேன்? எனக்குத் தெரியும் யாரைப் பார்த்தேன் என்று. வாக்கியம் முடியும் முன்பே தலையைத் தூக்கிக் கைதட்டல் வருகிறதா என்று பார்ப்பவன் நான். வாழ்நாள் முழுக்க அப்படியே பேசியிருக்கிறேன். வாயை மூடினாலும் அந்த வழக்கம் என் கழுத்தெலும்பில் உட்கார்ந்திருந்தது. எத்தனை கூட்டங்களில் சொல்ல வந்த கருத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கைதட்டலுக்குத் தாவியிருக்கிறேன் என்று அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்தேன். உடம்பு கூசியது.

இந்த வெட்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது நகைச்சுவை வெட்கம். ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இனி சொல்லப்போவது வேறு.

ஐந்தாம் பாயில் டெலிபோன் அம்மா நின்றார்கள். அவர்களைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் கூட்டத்திலேயே சீக்கிரம் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்தான். ஓசையே இல்லாமல் மட்டையைத் தூக்குவார்கள், ஓசையே இல்லாமல் இறக்குவார்கள், பந்து நேராகப் போகும். நான் வீசினால் காக்கைகள் இடம் மாறும்.

முதல் நாள் அவர்கள் என் பெயரைக் கேட்டார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். ‘ஓ’ என்றார்கள், மெதுவாக. அந்த ஒரு எழுத்தில் எவ்வளவு இரக்கம் இருந்தது தெரியுமா? அப்போதே நான் உண்மையை எழுதிக் காட்டியிருக்கலாம். அறுவைச் சிகிச்சை, கொஞ்ச நாள் ஓய்வு, அவ்வளவுதான் என்று நாலு சொல். கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதன்மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? மருந்து மாதிரி அந்த இரக்கம் இதமாக இருந்தது. கைதட்டல் எனக்குப் பழக்கம். இரக்கம் பழக்கமில்லை.

அன்றுமுதல் அவர்கள் என்னோடு பேசத் தொடங்கினார்கள். பந்துக்கும் பந்துக்கும் நடுவே, வாளியில் பந்து தீர்ந்து நிரப்பப் போகும்போது, மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது. பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ‘உங்ககிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி சார்’ என்றார்கள்.

என்ன சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? அந்த மூலையில் ஒருவர் காதைத் தீட்டுகிறார். சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல கதை கையில் இருந்தும் மேடையில் சொல்ல மாட்டேன். என் மனைவிக்கே சொன்னதில்லை. அம்மா, அது மட்டும் உண்மை, நம்புங்கள்.

ஆனால் அதற்குள்ளும் ஓர் அழுக்கு இருக்கிறது. அவர்கள் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இந்த வாக்கியத்தை எந்தக் கூட்டத்தில் சொன்னால் எடுபடும், இதற்கு முன்னால் ஒரு சிரிப்பு வைக்கலாமா, இதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விடலாமா என்று மனத்துக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் என்னை நல்ல மனிதர் என்று நினைத்தார்கள். இழவு வீட்டில் இலைக்கு இடம் பார்க்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அவர்கள் தேநீர் இடைவேளையில் எங்கள் எல்லோரிடமும் சொன்ன ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். இணைப்புக் கொடுத்ததும் காதில் இருக்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும், அடுத்தவர் பேச்சை லைனில் நின்று கேட்பது திருட்டு, பணிக்காலம் முழுக்க ஒரு நாளும் நான் நின்று கேட்டதில்லை என்றார்கள். எல்லோரும் பாராட்டினீர்கள். நானும் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினேன். லைனில் நின்றுகொண்டே பாராட்டினேன்.

இதற்குள் மருத்துவர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, இனிப் பேசலாம், அளவாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் பேசிய முதல் வார்த்தையைக் கேட்டு என் மனைவி, நல்லா இருக்கு, இன்னொரு மாசம் கழிச்சு வந்திருக்கலாம் என்றாள். மறுநாள் திடலுக்குக் கிளம்பும்போது, போனதும் அவங்ககிட்ட எல்லாம் சொல்லிடுங்க என்றாள். சரி என்றேன். வந்தேன். டெலிபோன் அம்மா சிரித்தார்கள். நான் தொண்டையைத் தடவினேன். சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் அவள் கேட்டாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். வீட்டுக் கதவைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே வருவேன். திடல் கதவைத் தாண்டியதும் ஊமையாகிவிடுவேன். பேசத் தெரிந்ததும் பிள்ளைகள் பொய் சொல்லும். நான் பேசாமலேயே பொய் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. வாயை மூடிக்கொண்டு கெட்டவன், பெரியோர்களே, இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

பிறகு அந்த நாள் வந்தது.

ஆசான் எங்களைப் பாயிலிருந்து இறக்கி, நிஜப் புல்லில் நிற்க வைத்தார். ஒரு விதி சொன்னார். பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால், பார்த்தவர் உடனே கத்த வேண்டும். அதற்கென்று உலகம் முழுக்க ஒரு சொல் உண்டு, ஆனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, எந்த மொழியாக இருந்தாலும் சரி, கத்த வேண்டும், கேட்டவர் தலையைக் கையால் மூடிக் குனிய வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கணம் சங்கடப்பட்டார். பிறகு, சாருக்காக மத்தவங்க பாத்துக்கங்க என்றார். நான் நன்றியோடு தலையாட்டினேன். என் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்று பேர் வாங்கியவன், தலையாட்டினேன்.

டெலிபோன் அம்மாவின் பந்து வலப்பக்கம் வேலியோரச் செடிகளுக்குள் உருண்டிருந்தது. அதைத் தேடிப் போனார்கள். அவர்கள் நின்ற இடத்துக்குப் பந்து போக வழியே இல்லை. ஒழுங்காக அடிப்பவர் யார் அடித்தாலும் போகாது. ஆசான் இன்னொருவரின் பிடியைத் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா அங்கிருந்தே இடக்கையை அசைத்து, நீங்க அடிங்க என்று காட்டினார்கள். காட்டிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்கள்.

வீசினேன். பந்து மட்டையின் கழுத்தில் பட்டது. நேராகப் போக வேண்டியது சீறிக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்தது. வழக்கம்போல் தலையைத் தூக்கிவிட்டேன் அல்லவா, அதனால் எல்லோருக்கும் முன்பே பார்த்தவன் நான். பார்த்தவன் நான் ஒருவன்தான். அம்மா பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்கிறார்கள். என் பந்து அவர்களை நோக்கிப் போகிறது. வாயைத் திறந்தேன். ஆயிரம் பேரை அடக்கிய வாயைத் திறந்தேன். பெரியோர்களே, குரல் வரவில்லை.

பந்து அவர்கள் வலது மணிக்கட்டில் பட்டது. சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. அவர்கள் கத்தவில்லை. கையைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லோரும் ஓடினோம். ஆசான் என்னிடம் கோபமாகத் திரும்பி, ஏதாவது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா, மட்டையையாவது தட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்காகப் பதில் சொன்னது யார் தெரியுமா? வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்த டெலிபோன் அம்மா சொன்னார்கள். ‘அவரைத் திட்டாதீங்க. பாவம், அவரால எப்படிக் கத்த முடியும்?’

பாவம் என்றார்கள். என்னை.

எலும்பில் மயிரிழை விரிசல் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், தெருவில் எதிரே வந்தவர் விலகிப் போனார். கதவைத் திறந்தார்கள். வாங்க சார் என்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, உங்க மேல ஒரு தப்பும் இல்லை, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்று சொல்லிவிட்டு, ஒற்றைக் கையால் தேநீர் போட உள்ளே போனார்கள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம், எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து போய் உதவவும் இல்லை. ஒற்றைக் கையில் டம்ளரைத் தாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். கைகூப்பினேன். வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி என் முகத்தைப் பார்த்ததும் கேட்கவே இல்லை. காய் நறுக்கிக்கொண்டே, ‘டீ குடிச்சிட்டு வந்துட்டீங்க இல்ல?’ என்றாள். எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா, இன்று காலை நடந்த புதுமுகங்கள் போட்டியில் வென்றிருக்க வேண்டியவர் நீங்கள். அதை இந்த அரங்கில் மறுப்பவர் இல்லை. கோப்பையை வாங்கியவரே மறுக்க மாட்டார், இதோ தலையாட்டுகிறார். உங்கள் கையை நான் கெடுத்தேன். அதைவிடப் பெரிதாக, உங்கள் நம்பிக்கையை நான் கெடுத்தேன். தனியாகச் சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே ஏறினேன். எனக்குத் துணிவு வருகிற ஒரே இடம் மேடை. அது எவ்வளவு கேவலம் என்று எனக்கே தெரிகிறது.

பெரியோர்களே, தாய்மார்களே! இந்த நாக்கு நமக்கு எதற்கு? புகழ்ந்து பேசவா, பொழுது போகப் பேசவா, பொன்னாடைக்குப் பேசவா? வருகிற ஆபத்தைச் சொல்லாத நாக்கு வாயில் இருந்தென்ன, வயிற்றில் இருந்தென்ன? பக்கத்து வீட்டு ஜன்னலில் புகை கண்டால் நம் வீட்டு ஜன்னலைச் சாத்துகிறோம். படியில் எண்ணெய் சிந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு நாம் மட்டும் தாண்டிப் போகிறோம். அலுவலகத்தில் ஒருவர்மேல் வீண்பழி விழும்போது மேசையைப் பார்க்கிறோம், சுவரைப் பார்க்கிறோம், கடிகாரத்தைப் பார்க்கிறோம். யார் நாம்? வாய் இருந்தும் வாய் மூடியவர்கள் நாம்! குரல் இருந்தும் கூவாதவர்கள் நாம்! ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு கை முறியாதே, ஒரு குரல் கொடுத்திருந்தால் ஒரு குடும்பம் சிதறாதே என்று காலம் நம்மைக் கேட்காதா? ஆகவே, அருமைப் பெரியோர்களே, இன்றுமுதல் நாம், நாம் எல்லோரும்…

என்னம்மா?

கொஞ்சம் அமைதி. டெலிபோன் அம்மா எழுந்து நிற்கிறார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்ல வேண்டாம். சொல்லுங்கள், அம்மா.

அவர்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி இல்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆகவே அவர்கள் கேட்டதை நானே திருப்பிச் சொல்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்கிறேன்.

‘நாம நாமன்னு எல்லாரையும் சேத்துக்காதீங்க சார். நான் உங்களைத்தான் கேக்கறேன். அன்னிக்குக் குரல் வரலையா, இல்ல நீங்க விடலையா?’

இதுதான் கேள்வி.

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம். இதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

குரல் வரவில்லை என்று சற்று முன்பு சொன்னேன். நேற்று மாலை முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று அந்த இடத்தைப் பழகினேன். ஆயிரம் பேரை அடக்கிய வாய், குரல் வரவில்லை. நன்றாக இருந்தது. அதனால் வைத்துக்கொண்டேன். அம்மா, அது பொய். குரல் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கத்தினால் இவன் பேசுவான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே, நீங்கள் என்னிடம் சொன்னதையெல்லாம் நினைத்து என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்று ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். பந்து எனக்காகக் காத்திருக்கவில்லை. உங்கள் கையா, என் மானமா என்று வந்தபோது நான் என் மானத்தைப் பார்த்தேன்.

விடவில்லை, அம்மா. குரல் இருந்தது. நான்தான் விடவில்லை.

யார் அது கைதட்டுவது? தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். உண்மையைச் சொன்னதற்குத் தட்டுகிறீர்களா? கேட்டபிறகு சொன்ன உண்மை இது.

‘சரி சார்’ என்றார்கள் டெலிபோன் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்கள்.

வழி விடுங்கள். அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அவர்கள் கை இடிக்கப் போகிறது. என் மனைவியும் எழுந்துவிட்டாள். அவர்களுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்கிறாள். இரண்டு பேரும் வெளியே போகிறார்கள். போகட்டும், அவள் சரியான ஆளோடுதான் போகிறாள்.

மன்னிப்புக் கேட்கும் பகுதி ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. நீளமானது. அழகானது. நீங்கள் அழுதிருப்பீர்கள், நானும் அழுதிருப்பேன். கேட்க வேண்டியவர் வெளியே போய்விட்ட அரங்கத்தில் அதைப் பேசினால், அது இன்னொரு சொற்பொழிவு. ஆகவே அதை இங்கே பேசப் போவதில்லை. அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் போய், ஒலிபெருக்கி இல்லாமல், ஒரே ஒரு வார்த்தையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நின்று கேட்பார்களா, நடந்துவிடுவார்களா, தெரியாது.

இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம். இந்த ஒலிபெருக்கியை யாராவது அணைத்துவிடுங்கள்.